மலைப்பாதையில் மட்டும் நீளமான செய்தி அறுபடுகிறது: கேன்-டிபி அமைப்பில் எங்கே கை வைப்பது?

கேள்வியின் சாரம் இது. கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு ஒரு டேட்டா லாகர் செய்கிறார்கள். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் துளை) செருகும் பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு மோடம், ஆட்டோசார் (வண்டி மென்பொருள் தரம்) பாணியில் எழுதிய கேன்-டிபி அடுக்கு, அதாவது நீளமான செய்தியை எட்டு பைட் ஃபிரேம்களாக வெட்டி அனுப்பி, வந்ததை ஒட்டும் மென்பொருள். கேன் (வண்டியின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி பஸ்) வேகம் நொடிக்கு 500 கிலோபிட், 11 பிட் ஐடி. இன்ஜின் சுற்று, கூலன்ட் சூடு எல்லாம் ஒழுங்காக வருகிறது. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணும் கோளாறுக் குறியீட்டுப் பட்டியலும் சில நேரம் பாதியில் அறுந்துவிடுகின்றன. மறுபடி கேட்டால் வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தால் கோளாறு இல்லை, குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறும்போதுதான் அதிகம். வளைவுகளில் கனெக்டர் ஆடுகிறது என்பது அவர்கள் சந்தேகம். கேன்-டிபியின் மெயின் ஃபங்ஷன் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடுகிறது, பிளாக் சைஸ் (ஒரு அனுமதிக்கு எத்தனை ஃபிரேம்) 8, எஸ்டி-மின் (ஃபிரேம்களுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி) 20, எல்லா டைம்அவுட்டும் 1000 மில்லிசெகண்ட். இந்த எண்கள் சரியா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

(ஹெக்ஸ், அதாவது 16-அடிப்படை எண்களின் எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன்: 7இ0, 4டி என்று.)

கனெக்டரை விட்டுவிடுங்கள். கம்பி ஆடினால் எட்டு பைட் செய்தியும் நாற்பது பைட் செய்தியும் ஒரே மாதிரிதான் அடிவாங்கும். அதோடு கேன் கன்ட்ரோலரே பிழையைக் கண்டு தானாக மறுபடி அனுப்பும். உங்கள் மென்பொருளுக்கு ஒரு ஃபிரேம் தொலைவதற்கு முன்பே பிழை எண்ணிகள் ஏறியிருக்கும். அனுப்பும் பிழை எண்ணி, பெறும் பிழை எண்ணி இரண்டையும் நொடிக்கொருமுறை லாகில் எழுதுங்கள். மலை ஏறி முடிக்கும்வரை இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் கம்பி நல்லவன். சந்தேகம் தீரவில்லையென்றால் இக்னிஷனை அணைத்து, வண்டி தூங்கியபின் சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் வர வேண்டும். பெட்டியைச் செருகியபின் 40 ஓம் ஆனால், உங்கள் போர்டில் தேவையில்லாத 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, கழற்றிவிடுங்கள்.

ஒற்றை ஃபிரேம் நன்றாக வருகிறது என்பதற்கு உங்கள் மலையே சாட்சி. காற்றழுத்தம் கேளுங்கள்: 02 01 33. மேட்டுப்பாளையத்தில் 03 41 33 61 என்று வரும், ஹெக்ஸ் 61 என்றால் 97, அதாவது ஏறத்தாழ 97 கிலோபாஸ்கல். கோத்தகிரியில் கடைசி பைட் 51 பக்கம் இறங்கியிருக்கும், 81 கிலோபாஸ்கல். ஏறும் வழியெல்லாம் இந்த எண் சீராக இறங்கிக்கொண்டே போய், அடையாள எண் மட்டும் அறுபடுகிறதென்றால் பிரச்சினை நீளச் செய்திக்கு ஐஎஸ்ஓ 15765-2 தரம் சொல்லும் கைகுலுக்கலில்தான்.

அடையாள எண்ணுக்கான பதில் மொத்தம் 20 பைட்: 49 02 01, அதன்பின் 17 எழுத்து. முதல் ஃபிரேமில் 6 பைட், பிறகு ஏழு ஏழாக இரண்டு தொடர் ஃபிரேம். முதல் ஃபிரேமை அனுப்பிவிட்டு ஈசியூ (இன்ஜின் கன்ட்ரோலர்) நிற்கும். நீங்கள் ஃப்ளோ கன்ட்ரோல் (‘மிச்சத்தை அனுப்பு’ என்ற ஃபிரேம்) அனுப்பினால்தான் மிச்சம் வரும். இந்த ஃப்ளோ கன்ட்ரோலுக்காக ஈசியூ காத்திருக்கும் நேரம்தான் என்-பிஎஸ். பொதுவான டயக்னோஸ்டிக்ஸில் இதை 1000 மில்லிசெகண்ட் என்று வைப்பது வழக்கம். ஆனால் ஓபிடிக்கான ஐஎஸ்ஓ 15765-4 அதை 75 மில்லிசெகண்டாகக் குறைக்கிறது. உங்கள் பக்கம் 1000 என்று எழுதியிருப்பதால் ஈசியூ ஒரு நொடி பொறுத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கான்ஃபிகரேஷனில் இருக்கும் என்-பிஎஸ் நீங்கள் அனுப்பும்போது நீங்கள் காத்திருக்கும் நேரம். எதிரே இருப்பவரின் பொறுமை அவருடைய ஃபிளாஷில் இருக்கிறது.

அறுபடும் தருணத்தை வெளியிலிருந்து பிடித்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் (நேரம் நொடியில்; 7இ0 நம் பெட்டி, 7இ8 ஈசியூ):

0.000 — 7இ0 — 02 09 02 55 55 55 55 55
0.018 — 7இ8 — 10 14 49 02 01 4டி 41 ..
0.946 — 7இ0 — 30 08 .. 55 55 55 55 55
அதன்பின் 7இ8-இலிருந்து ஒன்றுமில்லை.

முதல் ஃபிரேமுக்கும் ஃப்ளோ கன்ட்ரோலுக்கும் நடுவே 928 மில்லிசெகண்ட். ஈசியூ 75-லேயே கைவிட்டுவிட்டது. கைவிட்டதைச் சொல்ல அதற்கு எந்த ஃபிரேமும் கிடையாது. உங்கள் பெட்டியோ ஃப்ளோ கன்ட்ரோலை அனுப்பிவிட்டு என்-சிஆர் (தொடர் ஃபிரேமுக்காகக் காத்திருக்கும் நேரம்) முடியும்வரை காத்திருந்து, ‘தொடர் ஃபிரேம் வரவில்லை’ என்று எழுதிவைக்கும். லாகைப் படிக்கிறவருக்கு ஈசியூ பதில் சொல்லாமல் ஏமாற்றியது போலத் தெரியும். தாமதித்தது நம் பெட்டி.

இதை உங்கள் பெட்டியின் லாகிலேயே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். மென்பொருள் ஃபிரேமைப் படிக்கும் நொடியில்தான் நேர முத்திரை குத்துகிறீர்கள். சிபியூ 900 மில்லிசெகண்ட் உறைந்துபோய் எழுந்தால், முதல் ஃபிரேமே அப்போதுதான் வந்ததுபோலப் பதிவாகும். ஃப்ளோ கன்ட்ரோல் அடுத்த மில்லிசெகண்டிலேயே போயிருக்கும். லாக் ரொம்ப அழகாக இருக்கும், எல்லாம் பொய். கேன் கன்ட்ரோலரின் ஹார்ட்வேர் டைம்ஸ்டாம்ப்பைப் பயன்படுத்துங்கள், அது இல்லையென்றால் இன்னொரு யூஎஸ்பி கேன் அடாப்டரை ‘லிசன் ஒன்லி’ முறையில் மாட்டி லேப்டாப்பில் பிடியுங்கள்.

இது மலையில் மட்டும் ஏன்? மலையில் சிக்னல் போகிறது. சிக்னல் போனால் உங்கள் பெட்டி செய்யும் இரண்டு வேலைகளைப் பாருங்கள். ஒன்று, மோடத்துக்கு ஏடி கட்டளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு சும்மா சுற்றும் ஒரு லூப்பாக இருந்து, அந்த டாஸ்க்கின் முன்னுரிமை கேன் டாஸ்க்குக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், கேன்-டிபி மெயின் ஃபங்ஷன் அதுவரை ஓடாது. இரண்டாவதுதான் பலர் பார்க்காமல் விடுவது. அனுப்ப முடியாத டேட்டாவை மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஃபிளாஷில் சேமிக்கிறீர்கள். புதிய செக்டர் தேவைப்படும்போது அதை அழிக்க வேண்டும். ஒற்றை பேங்க் உள்ள சிப்பில், அழிக்கும் நேரம் முழுக்க அதே ஃபிளாஷிலிருந்து கட்டளை எடுக்க முடியாமல் சிபியூ நின்றுவிடும். இன்டரப்ட் வந்தாலும் அதன் கோடும் ஃபிளாஷில்தானே இருக்கிறது. எஸ்டிஎம்32எஃப்4 போன்ற சிப்பில் 128 கேபி செக்டர் ஒன்றை அழிக்க ஒரு நொடி, சமயத்தில் இரண்டு நொடிகூட ஆகும். மேலே உள்ள 928 அந்த அளவுதான். மறுபடி கேட்டால் வந்துவிடுவதும் இதற்குப் பொருந்துகிறது; அதற்குள் அழித்து முடித்திருக்கும்.

எது குற்றவாளி என்று உறுதிசெய்வது சுலபம். மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஒரு ஃப்ரீ ரன்னிங் டைமரைப் படித்து, முந்தைய அழைப்பிலிருந்து ஆன நேரத்தின் உச்சத்தை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிசெகண்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வந்தால் பரவாயில்லை. நூறுகளில் வந்தால் பெரும்பாலும் மோடம் காத்திருப்பு, ஆயிரத்தை ஒட்டினால் பெரும்பாலும் ஃபிளாஷ். சிஸ்டிக் (இன்டரப்டால் ஏறும் மில்லிசெகண்ட்) எண்ணியை நம்பாதீர்கள், அதன் இன்டரப்டும் உறைந்திருக்கும். ஹார்ட்வேர் டைமர்தான் சரி. இதோடு ரீசெட் காரணப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். 2ஜி மோடம் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் முழு பவரில் கத்தும். சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் பிரவுன்-அவுட் (மின்னழுத்தம் விழுந்து ரீசெட்) கொடி ஏறியிருக்கும். அப்படியானால் இது மென்பொருள் கதையே இல்லை.

தீர்வு இந்த வரிசையில். ஃப்ளோ கன்ட்ரோலை மெயின் ஃபங்ஷனுக்காக நிறுத்திவைக்காமல், முதல் ஃபிரேம் வந்த ஆர்எக்ஸ் இன்டிகேஷனுக்குள்ளேயே (ஃபிரேம் வந்ததைச் சொல்லும் அழைப்பு) அனுப்புங்கள். பஃபர் இருக்கிறது என்று மேலடுக்கு உடனே சொன்னால் இது முடியும். கேன் டாஸ்க்கை மோடம், லாகிங் இரண்டுக்கும் மேலான முன்னுரிமையில் வையுங்கள். கேன் டாஸ்க் அவற்றோடு ஒரே மியூடெக்ஸைப் (பகிர்வுப் பூட்டு) பிடித்துக்கொண்டு தொங்கவில்லை என்பதையும் பாருங்கள். டீபக் யூஆர்ட் பிரின்ட்டுக்கான பூட்டு இதில் அடிக்கடி மாட்டும். சேமிப்பை வெளி எஸ்பிஐ ஃபிளாஷுக்கு மாற்றிவிட்டால் சிபியூ உறைவது ஒழிந்தது. போர்டை மாற்ற முடியாதென்றால், அடுத்த செக்டரை முன்கூட்டியே, எந்த நீளச் செய்தியும் நடுவில் இல்லாத நேரத்தில் அழித்துத் தயாராக வைத்திருங்கள். அழிக்கும் முன் கேன்-டிபி சும்மா இருக்கிறதா என்று ஒரு கொடி கேட்டால் போதும்.

இனி எண்கள். பெறும் பக்கத்துக்கு விதி ஒன்று உண்டு: என்-பிஆரும் (ஃப்ளோ கன்ட்ரோலைத் தயாரிக்கும் நேரம்) என்-ஏஆரும் (அது பஸ்ஸில் ஏறும் நேரம்) சேர்ந்து எதிர்த்தரப்பின் என்-பிஎஸ்ஸில் 90 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். 75-க்கு அது 67.5 மில்லிசெகண்ட். ஓபிடியில் ஃப்ரேம் பஸ்ஸில் ஏறுவதற்கு, அதாவது என்-ஏஎஸ், என்-ஏஆருக்கு, 25 தருகிறார்கள். ஃப்ளோ கன்ட்ரோலைத் தயாரிக்க உங்களுக்கு மிஞ்சுவது நாற்பது சொச்சம். 10 மில்லிசெகண்ட் மெயின் ஃபங்ஷனில் இது எட்டக்கூடியதே, ஆனால் 25-ஐ 10-ஆல் எண்ணினால் டிக் 2-ஆ 3-ஆ என்பது ஜெனரேட்டர் எப்படி வட்டமாக்குகிறது என்பதைப் பொறுத்தது. மெயின் ஃபங்ஷன் இடைவெளியை 5 ஆக்கிவிடுங்கள். ஓபிடி இணைப்புக்கு என்-சிஆர் 150 போதும். 1000 வைத்தால் தவறில்லை, ஒவ்வொரு தோல்வியையும் தெரிந்துகொள்ள ஒரு நொடி வீணாகும், அவ்வளவுதான். ஆட்டோசாரில் இவை எல்லாம் நொடியில் எழுதப்படும்: 0.15, 0.025. மில்லிசெகண்ட் என்று நினைத்து 25 போட்டால் இருபத்தைந்து நொடி.

எஸ்டி-மின்னிலும் ஒரு குழி இருக்கிறது. ஃபிரேமில் ஹெக்ஸ் 00 முதல் 7எஃப் வரை மில்லிசெகண்ட். எஃப்1 முதல் எஃப்9 வரை 100 முதல் 900 மைக்ரோசெகண்ட். மற்ற மதிப்புகள் ஒதுக்கீடு. அவற்றைப் பெறுபவர் 127 மில்லிசெகண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சொன்ன 20 டெசிமலா ஹெக்ஸா என்று டிரேஸில் பாருங்கள். ஹெக்ஸ் 20 என்றால் 32 மில்லிசெகண்ட். இன்னொன்று, பெறும் பக்கத்தில் நீங்கள் எழுதும் எஸ்டி-மின், பிளாக் சைஸ் இரண்டும் எதிரே இருப்பவருக்கு இடும் கட்டளை. உங்கள் அனுப்பும் வேகத்தை அவை தொடாது. அதை எதிர்த்தரப்பு அனுப்பும் ஃப்ளோ கன்ட்ரோல் தீர்மானிக்கும்.

பிளாக் சைஸ் 8 எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு தொடர் ஃபிரேமுக்கு ஒருமுறை ஈசியூ மறுபடி உங்கள் ஃப்ளோ கன்ட்ரோலுக்காக நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் அதே 75-இல் தோற்பதற்கு இன்னொரு வாய்ப்பு. 19 02 சேவையில் 40 கோளாறுக் குறியீடு (ஒன்றுக்கு 4 பைட்) வந்தால் பதில் 3 + 160 = 163 பைட், முதல் ஃபிரேம் போக 23 தொடர் ஃபிரேம். பிளாக் சைஸ் 8-இல் மூன்று ஃப்ளோ கன்ட்ரோல், 0-இல் ஒன்றே ஒன்று. 512 பைட் பஃபர் ஒதுக்குங்கள், 127 குறியீடு வரை கொள்ளும். பிளாக் சைஸை 0 ஆக்குங்கள். பஃபர் சின்னதாக இருந்து நீளமான செய்தி வந்தால் 32 என்ற ஓவர்ஃப்ளோ பதில்தான் போகும், ஈசியூ அங்கேயே விட்டுவிடும். ‘காத்திரு’ என்ற 31-ஐ நம்பி வடிவமைக்காதீர்கள். தரத்தில் இருக்கிறது, அதை மதிக்காத ஈசியூக்களும் இருக்கின்றன. ஓபிடி சேவைகளில் உங்களுக்குத் தேர்வே இல்லை: டெஸ்ட் கருவி 00 00 என்றுதான் கேட்க வேண்டும்.

எஸ்டி-மின் 0 என்றால் ஃபிரேம்கள் முதுகோடு முதுகாக வரும். 500 கிலோபிட்டில் எட்டு பைட் ஃபிரேம் ஒன்றுக்கு ஸ்டஃப் பிட் சேர்த்து அதிகபட்சம் 270 மைக்ரோசெகண்ட். 10 மில்லிசெகண்டுக்குள் முப்பதுக்கு மேல் வந்து குவியலாம். எஸ்டிஎம்32-இன் பழைய கேன் கன்ட்ரோலரில் ஒரு ஃபைஃபோவின் (வந்த ஃபிரேம் காத்திருக்கும் வரிசை) ஆழம் மூன்று. எம்சிபி2515-இல் பெறும் பஃபர் மொத்தமே இரண்டு. போலிங் முறையில் (மெயின் ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் எட்டிப்பார்த்து) படித்தால் நடுவில் ஒன்று அடிபட்டு, வரிசை எண் 21, 22-க்குப் பிறகு 24 என்று குதிக்கும். கேன்-டிபி செய்தி முழுவதையும் தூக்கி எறியும். இன்டரப்டில் படித்து மென்பொருள் வரிசையில் போடுவதுதான் வழி. இங்கே நோய்க்குறியும் வேறு. அடையாள எண்ணுக்கு இரண்டே தொடர் ஃபிரேம் என்பதால் அது தப்பித்துவிடும், பத்துக் குறியீடு கொண்ட பட்டியலுக்கு ஆறு ஃபிரேம், அது சாகும். இரண்டுமே அறுந்தால் ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள், பட்டியல் மட்டும் அறுந்தால் ஃபைஃபோவை. ஓபிடி அல்லாத சேவைக்கு எஸ்டி-மின் 2 அல்லது 5 கேட்டுக்கொண்டால் இந்த நெரிசல் தணியும், 20 அவசியமில்லை.

எப்போதுமே தோற்கும் வண்டி ஒன்று வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கேள்வியை 7டிஎஃப் என்ற பொது ஐடியில் கேட்டிருக்கலாம், ஃப்ளோ கன்ட்ரோல் மட்டும் பதில் சொன்னவருக்கே, 7இ8-க்கு 7இ0 என்று, நேரடி ஐடியில் போக வேண்டும். அடுத்தது பேடிங், அதாவது மிச்ச பைட்களை நிரப்புவது. ஃப்ளோ கன்ட்ரோலின் பொருள் மூன்று பைட்டில் முடிகிறது என்று டிஎல்சி (ஃபிரேமின் பைட் எண்ணிக்கை) 3 போட்டு அனுப்பினால் ஓபிடி ஈசியூ கண்டுகொள்ளாது. அங்கே டிஎல்சி எப்போதும் 8. ஒற்றை ஃபிரேமுக்குப் பேடிங் போட்டுவிட்டு ஃப்ளோ கன்ட்ரோலுக்கு விட்டுவிடுவது வெகு சாதாரணம், ஏனென்றால் கான்ஃபிகரேஷனில் அனுப்பும் பேடிங்கும் பெறும் பேடிங்கும் தனித்தனிப் பெட்டி. ஃப்ளோ கன்ட்ரோல் பெறும் பக்கத்தைச் சேர்ந்தது.

மார்கழி, தை மாத உறைபனிக் காலைகளில் இன்னொரு தொல்லை தலைகாட்டும். குளிரில் பேட்டரி சோர்ந்திருக்க, ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் விழுந்து உங்கள் பெட்டியோ ஈசியூவோ நடுவில் ரீசெட் ஆகும். இதற்கு டைம்அவுட்டை நீட்டுவது மருந்தல்ல. இன்ஜின் சுற்று 500-ஐத் தாண்டிச் சில நொடி ஆனபின் நீளச் செய்திகளைக் கேட்கத் தொடங்குங்கள். அடையாள எண் ஒருமுறை கிடைத்தால் சேமித்துக்கொள்ளலாம், தினமும் கேட்க வேண்டியதில்லை.

பெட்டியின் சொந்த ஃபர்ம்வேரையும் கேன் வழியே லேப்டாப்பிலிருந்து மாற்றுகிறீர்கள் என்றால், அங்கே நீங்கள் ஈசியூ. 4095 பைட் பிளாக் ஒன்றுக்கு 585 தொடர் ஃபிரேம்; எஸ்டி-மின் 10 என்றால் பிளாக்குக்கு ஏறக்குறைய 6 நொடி, 256 கேபி ஃபைலுக்கு 6 நிமிடத்துக்கு மேல். 1 என்றால் ஏறக்குறைய 50 நொடி. ஃபிளாஷ் அழிக்கும் அதே உறைவு இங்கேயும் வரும்: பதில் சொல்ல 50 மில்லிசெகண்டுதான் கெடு, எனவே அழிக்கத் தொடங்கும் முன்பே 78 என்ற ‘வேலை நடக்கிறது’ பதிலை அனுப்பிவிட்டு, அது பஸ்ஸில் போனது உறுதியானபின் அழியுங்கள்; அதன்பின் 5 நொடி அவகாசம் கிடைக்கும். லேப்டாப் பொது ஐடியில் அவ்வப்போது ‘இன்னும் இணைப்பில் இருக்கிறேன்’ என்று அனுப்பும் 02 3இ 80-ஐத் தனி இணைப்பாக, ஃபங்ஷனல் வகையாகப் பதியுங்கள். நேரடி இணைப்பிலேயே அதையும் சேர்த்துவிட்டால், பாதி வந்த பிளாக்கின் நடுவே ஒரு புதிய ஒற்றை ஃபிரேம் வந்ததாகக் கருதி, கேன்-டிபி பழையதைக் கைவிடும். விதிப்படி அது செய்வது சரிதான்.

சோதிக்க மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. மேசையில் மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றுங்கள், சேமிப்புப் பகுதியை ஏறக்குறைய நிரப்பிவையுங்கள். அழிப்பு அடிக்கடி நடக்கும். ஈசியூ வேடத்துக்கு ஒரு லினக்ஸ் லேப்டாப் போதும், கெர்னல் 5.10 முதல் ஐஎஸ்ஓ-டிபி உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஃப்ளோ கன்ட்ரோலுக்காக ஒரு நொடி காத்திருக்கும். 75-இல் அறுக்கும் வண்டியின் கண்டிப்பு அதற்குக் கிடையாது. எனவே செய்தி வந்ததா என்பதைப் பார்க்காமல், மூன்றாவது அடாப்டரில் முதல் ஃபிரேமுக்கும் ஃப்ளோ கன்ட்ரோலுக்கும் உள்ள இடைவெளியின் உச்சத்தைப் பாருங்கள். ஓர் இரவு முழுக்க ஓடவிட்டும் அது 60-ஐத் தாண்டவில்லையென்றால் வண்டியில் மாட்டலாம்.